முன்சக்கரத்தருகே நிற்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அண்ணன் அனுப்பிய உன் புகைப்படம் நேற்று வந்து சேர்ந்தது. பளிச்சென்ற மஞ்சள் மேலுடை, தலையில் ஹெட்செட், கையில் வளையமாகச் சுருட்டிய கேபிள், பின்னால் விமானத்தின் முன்சக்கரம் என்று, நான் 31 ஆண்டுகள் நின்ற இடத்தில் நீ நிற்கிறாய். அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்கிறாள். எனக்கும் மிகவும் பெருமையாக இருக்கிறது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு உறக்கம் சரியாக வரவில்லை. ஏன் என்பதைப் பிறகு எழுதுகிறேன். விமானம் புறப்படும்போது தரையில் நின்று விமானிகளோடு பேசும் இந்த வேலையில் நீ சேர்ந்த நாளில் சொல்லியிருக்க வேண்டியவற்றைச் சொல்லாமல், வாசலில் நின்று வேறு எதையோ சொன்னேன் அல்லவா, அந்தக் கடனை முதலில் தீர்த்துக்கொள்கிறேன்.

வெளி மின்சாரம் இணைக்கும் பலகையில் நீ பிளக்கைச் செருகும் அந்தச் சிறிய ஜாக்கைப் பலர் வெறும் துளையாகவே பார்க்கிறார்கள். விமானத்துக்குள் இரண்டு தனித்தனிப் பேச்சுப் பாதைகள் ஓடுகின்றன என்பதைப் பயிற்சியில் உனக்குச் சொல்லியிருப்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன். ஒன்று ஃபிளைட் இன்டர்போன்: விமானிகள் இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்வதும், முன்சக்கரத்தருகே நிற்கும் நீ அவர்களோடு சேர்ந்துகொள்வதும் அதில்தான். மற்றொன்று சர்வீஸ் இன்டர்போன்: சக்கரக் குழி, வால்பகுதி என்று பராமரிப்பு வேலை நடக்கும் இடங்களில் எல்லாம் அதற்கு ஜாக் இருக்கும். போயிங் 737 விமானத்தில் இந்த இரண்டாவது பாதையின் வெளி ஜாக்குகளுக்கான சுவிட்ச் காக்பிட்டின் மேற்பலகையில் பின்பக்கமாக இருக்கிறது. அது அணைந்திருந்தால், வாலருகே நிற்பவர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் ஒருவர் காதிலும் விழாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் மூன்று ஹெட்செட்களை மாற்றிப் பார்த்து, கேபிள்தான் அறுந்துவிட்டது என்று சாதித்துக்கொண்டிருந்தபோது, என் மேலதிகாரி ஒன்றும் பேசாமல் மேலே ஏறிப் போய் அந்தச் சுவிட்சைப் போட்டார். ஆகையால் குரல் போய்ச் சேரவில்லை என்றால், கருவியின் மீது பழி போடும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று பார்.

அழைக்கும் முறையையும் பழக்கமாக்கிக்கொள். விமானி மேலே பொத்தானை அழுத்தினால் முன்சக்கரக் குழியில் ஹார்ன் ஒலிக்கும். ஏர்பஸ் 320 விமானத்தில் அதோடு வெளிப்பலகையில் நீல விளக்கும் எரியும்; ஹார்ன் நின்ற பிறகும் யாராவது வந்து ரீசெட் செய்யும் வரை அந்த விளக்கு அணையாது. சத்தத்தில் ஹார்னைத் தவறவிட்டாலும் விளக்கைத் தவறவிடாதே. நீ அவர்களை அழைக்க வேண்டுமானால், உன் பக்கத்துப் பொத்தானை அழுத்தியதும் காக்பிட்டில் மணியோசை கேட்கும். அதன் பிறகு காத்திரு. அவர்கள் அந்த நேரத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசிக்கொண்டிருக்கலாம். ரேடியோவுக்கும் இன்டர்போனுக்கும் ஒரே மைக் என்பதால், சுவிட்சை மாற்ற மறந்து, உனக்குச் சொல்ல வேண்டிய பதிலைக் கோபுரத்துக்குச் சொல்லிவிடும் விமானிகளும் உண்டு. பதில் வராதபோது அவர் உன்னை மதிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று உன் பாட்டி அடிக்கடி சொல்வார். இன்டர்போனில் அதற்கு இடமே இல்லை. ‘ரிலீஸ் பிரேக்ஸ்’ என்று நீ சொன்னால், ‘பிரேக்ஸ் ரிலீஸ்டு’ என்ற சொற்கள் காக்பிட்டிலிருந்து வந்து உன் காதில் விழ வேண்டும். விழாத வரை, புறப்பாட்டு நேரம் தவறினாலும், விமானத்தைப் பின்னால் தள்ளும் டிராக்டரின் ஓட்டுநர் பொறுமையிழந்து கையசைத்தாலும், நீ தள்ளச் சொல்லக் கூடாது. பார்க்கிங் பிரேக் இறுகியிருக்கும்போது தள்ளினால் டிராக்டரையும் முன்சக்கரத்தையும் இணைக்கும் தண்டான டோ பாரில், அளவுக்கு மீறிய விசையில் முறிவதற்கென்றே வைத்த ஷியர் பின் முறியும். நல்ல காலம் இல்லாவிட்டால் முன்சக்கரத்தின் கால் வரை சேதம் போகும். தள்ளி முடித்த பின் பிரேக் போட்டாயிற்று என்பதையும் அதே போல் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும். நீங்கள் பேசுவது காக்பிட் குரல் பதிவுக் கருவியில் பதிவாகிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை; நீ கேட்டது உண்மையிலேயே கேட்டதாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மூன்று மாதங்களாக நீயும் நம் வீட்டுத் தொலைபேசியில் என்னைக் கேட்டுப் பேசவில்லை. அதற்கு நான் ஒரு பொருள் கொண்டேன், நீ ஒரு பொருள் கொண்டிருப்பாய்.

இப்போது காது விஷயத்துக்கு வருகிறேன். ஹெட்செட்டின் இரண்டு கிண்ணங்களும் காதுகளை முழுவதுமாக மூடியிருக்க வேண்டும். ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதுதான் அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் நிற்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஜெட் இயந்திரத்தின் அருகே எழும் சத்தம் அதையும் தாண்டும். மைக்கை உதட்டை ஒட்டி வைத்துக்கொள் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது: தொலைவிலிருந்து வரும் இரைச்சல் அந்த மைக்கின் இரு பக்கங்களையும் ஏறக்குறைய சமமாகத் தாக்கித் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது, மிக அருகில் இருக்கும் உன் குரல் மட்டும் ஒரு பக்கத்தை வலுவாகத் தாக்குவதால் தப்பிப் பிழைத்து விமானிக்குப் போய்ச் சேர்கிறது. மைக்கைக் கன்னத்தின் பக்கம் தள்ளி வைத்தால் இந்த ஏற்பாடு முழுவதும் வீணாகிவிடும், நீயும் கத்த வேண்டி வரும். ஆனால் மைக்கைவிடக் காதுதான் முக்கியம். இரண்டு காதுகளும், அம்மா.

இடி மின்னல் வருகிறது என்று எச்சரிக்கை வந்தால் ஒரு நொடியும் தயங்காமல் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கைச்சைகைக்கு மாறிவிடு. மின்னல் விமானத்தைத் தாக்கினால் அந்தக் கேபிள் வழியாக அது உன்னிடம் வரக்கூடும்.

உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது காஸ்போர்ட் குழாயைப் பற்றி நான் சொன்னது நினைவிருக்கிறதா? முதல் உலகப் போர்க் காலத்தில், 1917-இல், இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித்-பாரி நடத்திய பறப்புப் பயிற்சிப் பள்ளியின் பெயரால் வழங்கும் குழாய் அது. மின்சாரம் எதுவும் கிடையாது. ஆசிரியர் தம் பக்கத்து வாய்க்குமிழில் பேச, ரப்பர் குழாய் வழியாக அது மாணவனின் காதுகளில் போய் ஒலிக்கும். மாணவனால் திரும்பப் பேச முடியாது. ‘அப்படியென்றால் அவனுக்குப் புரியவில்லை என்பதை ஆசிரியர் எப்படித் தெரிந்துகொள்வார்?’ என்று நீ கேட்டாய். நான் பதில் சொல்லாமல் அடுத்த கதைக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்விக்காக உன்னைப் பாராட்டியிருக்க வேண்டும். இந்த வேலைக்கு வேண்டிய கேள்வி அதுதான்.

கடைசிக் கட்டத்தில் அவசரம் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகு உனக்குக் குரல் இல்லை. விமானியின் கண் மட்டும்தான் உனக்குத் துணை. ஆகையால்தான், தள்ளும்போது விமானி முன்சக்கரத்தைத் திருப்ப முடியாதபடி செருகிவைத்த ஸ்டியரிங் பைபாஸ் பின்னை எடுத்து, அதன் சிவப்புப் பட்டை தெரியும்படி உயர்த்திக் காட்டி, அவர் கண்டுகொண்டார் என்பதை அவர் கையசைவிலிருந்து உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். 737-இன் இயந்திரம் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், ஓடும்போதே அதன் வாய்க்கு முன்னால் சுமார் 3 மீட்டர் வரை ஆள் போகக் கூடாத பகுதி. 2015 டிசம்பர் 16 அன்று மும்பையில், பின்தள்ளி நிறுத்திய ஒரு விமானம் தரையில் இருந்தவர்கள் விலகும் முன்பே நகரத் தொடங்கியதால், அருகே நின்றிருந்த பராமரிப்புப் பொறியாளர் ஒருவர் இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். அன்று இரவு நான் சாப்பிடாததற்கு அம்மா காரணம் கேட்டாள்; உடல்நலம் சரியில்லை என்று சொன்னேன். நீ வேலையில் சேர்ந்த அன்று என் மனத்தில் இருந்தது அந்தச் செய்திதான். அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அதற்குப் பதிலாக, பெண்ணுக்கு ஏற்ற வேலை அல்ல என்று சொன்னேன். நான் அப்படி நினைக்கிறவன் அல்லன் என்பது உனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டு, அதைத் திருத்தாமலே விட்டுவிட்டேன்.

இனிப் புகைப்படத்தைப் பற்றி எழுதுகிறேன். அதில் உன் ஹெட்செட்டின் இடது கிண்ணம் காதுக்கு மேலே, நெற்றிப் பொட்டில் ஏறியிருக்கிறது. டிராக்டர் ஓட்டுநருக்கு இன்டர்போன் இணைப்பு இல்லாததால், அவர் குரலைக் கேட்பதற்காக நீ ஒரு காதைத் திறந்து வைத்திருக்கிறாய். யாரும் சொல்லாமலே இது எனக்குத் தெரியும், ஏனெனில் நானும் அப்படித்தான் நின்றேன், அதே இடது காதைத் திறந்து வைத்துக்கொண்டு, பல ஆண்டுகள். ஓட்டுநரோடு கைச்சைகையில் பேசிக்கொள்ள விதி இருந்தும், வேலை விரைவாக முடிய வேண்டும் என்று அப்படிச் செய்தேன். எனக்குக் கீழே பயின்றவர்களும் என்னைப் பார்த்து அதையே செய்தார்கள். நான் தடுக்கவில்லை.

மகளே, என் இடது காது இரண்டு ஆண்டுகளாக ஏறக்குறைய முழுவதும் கேட்பதில்லை. வலது காதிலும் மெல்லிய ஒலிகள் குறைந்துவிட்டன. மருத்துவர் வரைந்து கொடுத்த வரைபடத்தை அந்த நீலப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கும் சென்ற வாரம்தான் காட்டினேன். நீ தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம் நான் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்தேனே, அது கோபம் இல்லை. நீ சொல்வதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டேன். நான் உன்மீது கோபமாக இருப்பதாக நினைத்து நீ என்னைக் கேட்பதை நிறுத்திக்கொண்டாய். நீ பேசவில்லை என்று மேலே குறைப்பட்டு எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட மனம் வரவில்லை, ஆனால் அதில் நியாயம் இல்லை.

உன் மேற்பார்வையாளரிடம் கம்பியில்லா ஹெட்செட் கேள். ஒரு கருவியை விமானத்தின் ஜாக்கில் செருகிவிட்டால், நீ, ஓட்டுநர், விமானி எல்லோரும் ஒரே பேச்சில் சேரும் வகை இப்போது இருக்கிறது. அது கிடைக்கும் வரை ஓட்டுநரோடு கைச்சைகைதான், வேறு வழி வேண்டாம். கேட்பதற்குக் கூச்சப்படாதே. இரண்டு காதுகளையும் மூடிக்கொள்.

அடுத்த மாதம் எனக்குக் காதுக்கருவி பொருத்துகிறார்கள். அதற்கு முன்பே நீ அழைக்கலாம். நான் எடுத்ததும் உடனே பேசத் தொடங்காதே. தொலைபேசியை வலது காதுக்கு மாற்றிக்கொண்டு ‘சொல் அம்மா’ என்பேன், அதைக் கேட்ட பிறகு பேசு. நீ சொன்னதை நான் திருப்பிச் சொல்கிறேன். தவறாகச் சொன்னால் மறுபடியும் சொல்.

உன் அப்பா