பிஸ்மார்க் பாட்டில் விடுபட்ட விமானம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க கண்ட்ரி இசைத் தொடரின் சென்ற பகுதியில், ஜானி ஹார்ட்டன் 1960-இல் பாடிய ‘சிங்க் த பிஸ்மார்க்’ பாட்டு, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பலை பிரிட்டிஷ் கடற்படை துரத்தி மூழ்கடித்த கதையை நடந்தபடியே சொல்வதாகக் கட்டுரையாளர் பாராட்டியிருந்தார். ஹார்ட்டனும் டில்மன் ஃபிராங்க்ஸும் சேர்ந்து எழுதியது. அதே ஆண்டு வந்த பிரிட்டிஷ் படத்தின் பெயரைத் தாங்கி, அமெரிக்காவின் பில்போர்டு இதழின் பொதுப் பாடல் பட்டியலில் 3-ஆம் இடம் வரை ஏறியது. அணிவகுப்பு நடையில் சுமார் மூன்று நிமிடத்தில் ஒரு கடற்போரையே அடக்க முயலும் அருமையான பாட்டு என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை. ‘நடந்தபடியே’ என்பதுதான் இடிக்கிறது.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பீரங்கிகள் மாடு பருமன், குண்டுகள் மரம் பருமன் என்று பாட்டில் வருகிறது. திருப்பிப் போட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும். பிஸ்மார்க்கின் 38 செ.மீ. பீரங்கிக் குழல் 19 மீட்டருக்கு மேல் நீளம், அதுதான் மரம். அதிலிருந்து பறந்த குண்டு 800 கிலோ. அதுதான் கொழுத்த காளை. உலகிலேயே பெரிய பீரங்கி என்பதும் கிடையாது. பிரிட்டனின் ராட்னி போர்க்கப்பல் 40.6 செ.மீ. பீரங்கிகள் ஒன்பதை 1927 முதலே சுமந்துகொண்டிருந்தது. போர் அப்போதுதான் தொடங்கியதாகச் சொல்வதும் தவறு; 1941 மே மாதத்தில் போருக்கு வயது இருபது மாதம். பதினைந்து மைல் தூரத்திலிருந்து சுட்டது என்ற கணக்கு மட்டும் ஏறக்குறையச் சரி. ஆனால் மே 24 காலை 5.52-க்கு முதலில் சுட்டது பிரிட்டனின் ஹூட் போர்க்கப்பல். பிஸ்மார்க் பதிலடி தரச் சுமார் மூன்று நிமிடம் ஆனது. ஆறு மணி வாக்கில் ஹூட்டின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. கப்பலில் இருந்த 1,418 பேரில் பிழைத்தவர்கள் 3 பேர்.

அதன்பின் ஆறு நாள், ஆறு இரவு தேடினார்கள் என்கிறது பாட்டு. ஹூட் மூழ்கியது 24-இல். பிஸ்மார்க் மூழ்கியது 27-இல். அது உண்மையிலேயே கண்ணில் படாமல் இருந்தது சுமார் 31 மணி நேரம். எதிரி இன்னும் பின்தொடர்வதாக நினைத்த, பிஸ்மார்க்கில் இருந்த ஜெர்மன் தளபதி அட்மிரல் லுட்யன்ஸ் நீளமாக வானொலிச் செய்தி அனுப்பி, தன் திசையைத் தானே காட்டிக்கொடுத்தார். பிரிட்டிஷ் தலைமைக் கப்பலில் அந்தத் திசையை வரைபடத்தில் தப்பாகக் குறித்து, மணிக்கணக்கில் வடகிழக்கே ஓடினார்கள். 26-ஆம் தேதி காலை 10.30-க்குக் கண்டுபிடித்தது வட அயர்லாந்தின் லஃப் ஏர்னிலிருந்து கிளம்பிய கேட்டலினா விமானம். அதை ஓட்டியவர்களில் ஒருவர் லெனர்ட் ஸ்மித், அமெரிக்கக் கடற்படைக்காரர்; அமெரிக்கா இன்னும் போரில் இறங்காத நேரம் அது. அமெரிக்கப் பாட்டுக்காரர்களே இதை விட்டுவிட்டதுதான் வேடிக்கை.

என் உண்மையான குறை, ஸ்வார்ட்ஃபிஷ் என்ற பிரிட்டிஷ் விமானம் பற்றியது. கண்டுபிடித்த பிறகும் பிடிக்க முடியாத நிலை. பிஸ்மார்க் பிரான்ஸ் கரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. விடிந்தால் ஜெர்மன் விமானங்களின் பாதுகாப்பு எல்லை வந்துவிடும். துரத்திய கப்பல்களிலோ எண்ணெய் தீர்ந்துகொண்டிருந்தது. ஜிப்ரால்டரிலிருந்து வந்த ஆர்க் ராயல் என்ற விமானந்தாங்கிக் கப்பலும், அதிலிருந்த துணி போர்த்திய இரட்டை இறக்கை ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்களும்தான் மிச்சம்.

பிற்பகலில் நடந்த முதல் தாக்குதல் சொதப்பல். தங்கள் கப்பலான ஷெஃபீல்டு முன்னே போயிருப்பது விமானிகளுக்குத் தெரியாததால் அதன் மீதே டார்பிடோக்களை, அதாவது நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் குண்டுகளை, போட்டார்கள். காந்தத்தால் தூண்டப்படும் வெடிமுனைகள் கொந்தளித்த கடலில் தாக்குப்பிடிக்கவில்லை. சில தண்ணீரில் விழுந்ததுமே வெடித்தன. ஷெஃபீல்டு தப்பியது, கோளாறும் அம்பலமானது. அடுத்த முறைக்கு, மோதினால் மட்டுமே வெடிக்கும் முனைகளை மாற்றிப் பொருத்தினார்கள். இரவு 9 மணி வாக்கில் பதினைந்து விமானங்கள் தாக்கின. ஒன்றுகூடச் சுட்டு வீழ்த்தப்படவில்லை. பின்புறம் பட்ட ஒரு டார்பிடோ சுக்கான்களை இடப்பக்கம் 12 டிகிரியில் இறுக்கிவிட்டது. பிஸ்மார்க்கை உந்தித் தள்ளும் மூன்று சுழலிகளும் நெருக்கமாக அமைந்தவை. வேகத்தை ஏற்றி இறக்கி அவற்றால் மட்டும் கப்பலைத் திருப்புவது கடினம் என்பது பால்டிக் சோதனை ஓட்டத்திலேயே தெரிந்த விஷயம். கப்பல் காற்றை எதிர்த்து, துரத்தி வந்தவர்களை நோக்கியே போகலாயிற்று.

பாட்டில் இது ஒரு வரிகூட இல்லை. மூடுபனி விலகுகிறது, சூரியன் உதிக்கிறது, கப்பல் அகப்பட்டுவிடுகிறது! ஆறு நாள் கணக்கைப் பாட்டுக்கான சலுகை என்று விட்டுவிடலாம். கப்பல் ஏன் அகப்பட்டது என்பதையே விடுவதற்கு அந்தச் சலுகை செல்லாது. மேலே சொன்ன பிரிட்டிஷ் படத்தில் பிஸ்மார்க் ஒரு டிஸ்ட்ராயரை (சிறிய, வேகமான போர்க்கப்பலை) மூழ்கடிப்பதாகக் கற்பனை சேர்த்திருக்கிறார்கள். அதில்கூட ஸ்வார்ட்ஃபிஷ் உண்டு.

கடைசிச் சண்டையில் முதல் குண்டு பட்டதுமே கதை முடிந்ததாகச் சொல்வதும் பொருந்தாது. 27 காலை 8.47-க்குப் பிரிட்டிஷார் சுடத் தொடங்கினார்கள். கப்பல் மூழ்கியது 10.39-க்கு. ஒரு மணி நேரத்துக்குள் அதன் பீரங்கிகள் ஓய்ந்தன, ஆனால் உடல் மிதந்தது. கிட்டத்தில் நின்று சுட்டதால் குண்டுகள் தாழப் பறந்து மேல்தளங்களைத்தான் சிதைத்தன, நீர்மட்டத்துக்குக் கீழே போனவை குறைவு. டார்செட்ஷயர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் டார்பிடோக்களும், ஜெர்மானியர்களே வைத்த வெடிகளும் சேர்ந்துதான் அது மூழ்கியது. அந்த டார்செட்ஷயர் 1942 ஏப்ரல் 5 அன்று இலங்கைக்குத் தென்மேற்கே ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது என்பதை நம் வாசகர்களுக்காகச் சேர்த்திருக்கலாம்.

அடுத்த பகுதியில் ஜிம்மி டீனின் ‘பிடி 109’ வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடி, போரில் தன் பிடி 109 படகு மூழ்கியபின் தேங்காய் ஓட்டில் கீறிய செய்தியைச் சுமந்துபோன சாலமன் தீவுக்காரர்கள் பியூக்கு காசா, எரோனி குமானா இருவரின் பெயரும் அதில் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், தூத்துக்குடி