ஒரே கடல், ஒரே மீன், ஒரே தமிழ்

ஆசிரியருக்கு வணக்கம்,

கொழும்பின் பேர வாவி நாறிக் கிடப்பதைப் பற்றிப் போன வாரம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். கொம்பனித்தெருப் பக்கம் நடக்கிறவர்களுக்கு அது புதுச் செய்தி இல்லை, பச்சைப் பெயின்ட் கொட்டின மாதிரித் தண்ணீர், வெயில் ஏறினால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ஆனால் அது முழுக்க நம் ஊர் அழுக்கு. வேறு நாட்டைக் கேட்டுச் செய்ய அதில் ஒன்றும் இல்லை. நான் எழுத வந்தது இரண்டு நாடுகள் பங்கு போடும் தண்ணீரைப் பற்றி.

அக்கா கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிறார். அவர் வீட்டுக் குழாயில் வருவது ஒன்டாரியோ ஏரித் தண்ணீர், ஏரியின் அக்கரை அமெரிக்கா. கோடையில் அத்தான் தூண்டிலோடு கிளம்பிவிடுவார், ஆனால் கொண்டு வருவதையெல்லாம் அக்கா சட்டியில் போட மாட்டார். எந்த இடத்து மீன், எத்தனை அங்குலம், மாதத்தில் எத்தனை தரம் சாப்பிடலாம், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் சின்னதுகளுக்கும் எவ்வளவு என்று அந்த மாகாண அரசே வழிகாட்டி வெளியிடுகிறது. பாதரசமும் பீசிபி என்ற தொழிற்சாலை ரசாயனமும் சேற்றிலிருந்து புழுவுக்கும், புழுவிலிருந்து சின்ன மீனுக்கும், அப்புறம் பெரிய மீனுக்கும் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்குமாம். அதனால் மீன் பெரிதாகப் பெரிதாக அனுமதி சுருங்கும். நாங்கள் இங்கே பெரிய மீனாகப் பார்த்துத்தான் வாங்குகிறோம்!

இந்த வழிகாட்டிக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. எல்லை நீருக்கென்று அந்த இரண்டு நாடுகளும் 1909இலேயே ஒப்பந்தம் போட்டு, பக்கத்துக்கு மூன்று பேர் என்று ஆறு பேர் கொண்ட ஆணைக்குழுவுக்கு வழி செய்தன. 1972இல் இரண்டு நாட்டுக்கும் நடுவிலுள்ள பேரேரிகளின் நீர்த்தரத்துக்குத் தனி ஒப்பந்தம். 1978இல் அதை மாற்றி எழுதியபோது, அழியாமல் தங்கும் நச்சுகளை ஏறத்தாழ முற்றாக நிறுத்துவதுதான் கொள்கை என்றார்கள். 1987இலிருந்து மோசமான இடங்களையும் பட்டியல் போட்டார்கள், மொத்தம் 43. முதலில் பட்டியலை விட்டு வெளியேறிய காலிங்வுட் துறைமுகத்துக்கே 1994 வரை ஆனது, பெரும்பாலானவை இன்னும் உள்ளேதான். ஏரி சுத்தமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. எங்கே நஞ்சு இருக்கிறது என்பதை இரண்டு பேரும் ஒரே தாளில் எழுதி வெளியே விடுகிறார்கள், எனக்குப் பொறாமை அதில்தான்.

நமக்கும் இந்தியாவுக்கும் பங்கு ஏரி இல்லை, சரி. பாக்கு நீரிணையும் மன்னார் வளைகுடாவும் இருக்கின்றனவே? அங்கே எல்லைக்கோடு 1974இலும் 1976இலும் போட்டாயிற்று. அதற்குப் பிறகு பேச்சென்றால் இழுவைமடி, கைது, படகுப் பறிமுதல். அதுவும் பேச வேண்டியதுதான், வடக்கில் வலை இழந்தவனிடம் போய்ப் பாதரசம் பற்றிச் சொன்னால் அவன் கோபப்படுவதில் நியாயம் உண்டு. ஆனாலும் தண்ணீருக்குள் என்ன கரைகிறது என்று கேட்க ஒரு நாற்காலியாவது வேண்டாமா? 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் கொழும்புக்கு அருகே எரிந்தபோது வெள்ளவத்தைக் கரையில் குனிந்து கையில் அள்ளிப் பார்த்தேன், மணலுக்குள் சவ்வரிசி கொட்டின மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள். இரண்டு விரலால் பொறுக்கப் பொறுக்க அடியில் இன்னும் இருந்தது. அந்தக் கப்பல் கடைசியாகப் போய் வந்த துறைமுகம் குஜராத்தின் ஹசிரா. கசிகிற அமிலக் கொள்கலன் ஒன்று ஏற்கெனவே அதில் இருந்தது, அங்கேயும் அதை இறக்க முடியவில்லை.

இத்தனைக்கும், தெற்காசிய நாடுகளின் கூட்டுறவுச் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்துக்கு 1982இலிருந்து தலைமையகம் இந்தக் கொழும்பில்தான். இந்தியாவும் உறுப்பினர்.

பெரிய ஒப்பந்தம் வரும்போது வரட்டும். முதலில் ராமேஸ்வரத்திலும் தலைமன்னாரிலும் ஒரே வாரத்தில் ஒரே மீனைப் பிடித்து, ஒரே முறையில் பரிசோதித்து, முடிவைத் தமிழில் போடட்டும். இரண்டு கரைக்கும் மொழிபெயர்ப்புச் செலவுகூட இல்லை.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி
கொழும்பு 6