விபத்துக் கணக்கில் வராத சாவுகள்

ஐயா,

5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு உலக அளவில் முதல் காரணம் சாலை விபத்து. இந்தியாவில் 2022இல் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் மூன்றில் இரண்டு பங்கு 18–45 வயதினர். அதனாலோ என்னவோ, விபத்து என்றால் அவிநாசி சாலையில் பைக்கில் பறக்கும் இளவட்டம்தான் நினைவுக்கு வருகிறது. அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: தாடைப் பட்டையை மாட்டாத ஹெல்மெட், தலை தரையில் படுமுன்பே கழன்று ஓடிவிடும்.

குழந்தைகளுக்கு அடி வேறு இடத்தில். டிவிஎஸ் 50இல் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப் போகிறோம். திடீரென்று பிரேக் பிடித்தால் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தும். கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்தாலும் வெளியே ஒரு சொட்டு இரத்தம் தெரியாது. முகம் வெளுத்து, உடம்பு சில்லிட்டு, நாடி வேகமாக ஓடினால் தண்ணீர்கூடக் கொடுக்காமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டை, குழந்தைக்கு ஹெல்மெட், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் என்று 2022லேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. வண்டி வாங்கும்போது சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் கம்பியைக் கேட்கிறோம், இந்தப் பட்டையைக் கேட்பதில்லை.

பெரியவர்கள் விஷயம்தான் கண்ணுக்கே தெரிவதில்லை. வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கும். பால் கேனோடு வரும் அப்பாரு வண்டியோடு மண்ணில் சாய்ந்தாலே அவை அறுந்து கசியலாம். அன்றைக்கு எழுந்து, தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைவலி, ஒரு காலை இழுத்து நடப்பது, பேச்சுக் குழறல், பகலெல்லாம் தூக்கம். 'வயசாயிருச்சுங்க, அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம். சி.டி. ஸ்கேன் எடுத்து, மண்டையில் சிறு துளையிட்டுத் தேங்கிய இரத்தத்தை வடித்தால் பலர் தேறிவிடுவார்கள். விட்டுவிட்டால் அது மூப்பில் வந்த சாவாகவே போய்விடும், விபத்துக் கணக்கில் ஏறாது.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர் விழுந்து தலையில் அடிபட்டால், காயம் இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

– அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள், ஈரோடு