பையன் காலு சொன்னத நாங்க கேக்கல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எங்க பையனுக்கு 12 வயசு. ரெண்டு வருஷமா கிரிக்கெட் கோச்சிங் அனுப்புனோம், பேட்டு பேடு ஹெல்மெட்டுனு ஏகப்பட்ட செலவு, அவன் என்னடான்னா வாராவாரம் பவுண்டரி லைன்ல நின்னு காஞ்சுட்டு வருவான், பேட்டிங்னா கடைசி அஞ்சு நிமிஷம். கேட்டா திறமை தானா வெளிய வரும் சார்ங்கறாங்க. ஃபீஸ் மட்டும் ஒண்ணாந்தேதியே வெளிய வந்துரணும்.

போன மாசம் எங்க வீதியில பைப்பு போட தோண்டுன குழிய இவன் நின்ன எடத்துலருந்தே தாண்டிட்டான். அத பாத்த பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் பி.டி. சார் மண்ணுல கோடு கிழிச்சு, ஓடி வராதடா, ரெண்டு காலையும் சேத்து அப்படியே தாவுன்னாரு. குதிகால் பதிஞ்ச எடத்துல டேப்ப வச்சா 2 மீட்டர் 10 சென்டி. மூணு தடவ தாவ வச்சாரு, மூணும் 2 மீட்டருக்கு மேலதான். அப்ப என்ன நிமிந்து ஒரு பார்வ பாத்தாரு பாருங்க, எனக்கு மூஞ்ச எங்க வச்சுக்கறதுன்னே தெரியல.

நம்ம பெரியவடகம்பட்டி மாரியப்பன் ஸ்கூல்ல வாலிபால் ஆடிட்டு இருந்தவருதான், பி.டி. சார் ஒருத்தர் கவனிச்சு ஹை ஜம்ப் பக்கம் திருப்பிவிட்டாரு, 2016 ரியோ பாராலிம்பிக்ல 1.89 மீட்டர் தாண்டி தங்கம், அப்புறம் டோக்கியோல வெள்ளி, பாரிஸ்ல வெண்கலம். உசைன் போல்ட்டும் சின்னதுல கிரிக்கெட் பைத்தியந்தான், அவரு ஓடுற வேகத்த பாத்துட்டு கிரிக்கெட் கோச்சே நீ டிராக்குக்கு போடான்னு சொன்னாராம். வந்த பையன வேற எடத்துக்கு அனுப்ப ஒரு மனசு வேணும்ல.

அதுக்காக இப்பவே லாங் ஜம்ப்னு முத்திரை குத்திராதீங்க, ஒரு வருஷம் ஓடட்டும், தாண்டட்டும், எறியட்டும், அப்புறம் பாக்கலாம்னு சார் சொல்லிட்டாரு, அதுவும் சரிதான்.

என் கேள்வி என்னன்னா, இத ஸ்கூல்லயே பாத்திருக்கலாமே? ஒரு டேப்பு, ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு லோடு மணல், இவ்வளவுதான செலவு. ஆனா பி.டி. பீரியடு வந்தாலே போர்ஷன் முடிக்கலைன்னு கணக்கு சார் வந்து நின்னுக்கறாரு. வருஷத்துக்கு ரெண்டு தடவ எல்லா புள்ளைங்களையும் ஓட விட்டு தாவ விட்டு அளந்து, அத ரேங்க் கார்டுலயே எழுதி அனுப்புங்கய்யா, எங்கள மாதிரி பெத்தவங்களுக்கு கண்ணு தொறக்கும்.

கிரிக்கெட் கிட்டு அப்படியே இருக்கு, வேணும்ங்கறவங்க பாதி வெல குடுத்தா போதும்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன், ஆத்தூர், சேலம் மாவட்டம்