மோதலுக்குப் பிறகு மிஞ்சுவது எப்போதும் கருந்துளைதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூட்ரான் விண்மீன்கள் (பெரிய விண்மீன்கள் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்ந்த உருண்டைகள்) மோதுவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். தங்கம் உருவாகும் விதத்தை விளக்கிய பகுதி அருமை. ஆனால் மோதலுக்குப் பிறகு கருந்துளைதான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டதை ஏற்க முடியவில்லை.

என்ன மிஞ்சும் என்பது மொத்த நிறையைப் பொறுத்தது. நிறை அதிகமென்றால் உடனே கருந்துளை, சரி. சற்றுக் குறைவாக இருந்தால், நொடிக்குச் சுமார் ஆயிரம் முறை சுழலும் புதிய நியூட்ரான் விண்மீன் பிழைத்திருக்கலாம். அதன் காந்தப்புலம் சாதாரண நியூட்ரான் விண்மீனுடையதைப் போல ஆயிரம் மடங்கு வரை ஏறினால், அதுவே மேக்னட்டார். காந்தப்புலம் அதன் சுழற்சி ஆற்றலை உறிஞ்சி வெளியே தள்ளும்போது எக்ஸ் கதிர் பிறக்கிறது. ஒளிர்வு கொஞ்ச நேரம் மாறாமல் நிற்கும். அப்புறம் நேரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இறங்கும். இடையில் விண்மீன் கருந்துளையாகச் சரிந்தால், ஒளி சட்டென்று அறுந்துவிடும். மோதலில் குறுகிய கற்றையாகப் பாயும் காமா கதிர்த் தாரை நம் பக்கம் திரும்பாதபோதுகூட இந்த ஒளி நமக்குத் தெரிய வாய்ப்புண்டு.

2015 மார்ச்சில் சந்திரா என்ற எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கி பதிவு செய்த ஓர் எக்ஸ் கதிர் மின்னல் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொண்டது: அரை மணி நேரம் சமமாக நின்று, பிறகு சரிந்தது. மேக்னட்டார்தான் காரணம் என்று 2019இல் ஓர் ஆய்வுக்குழு வாதிட்டது. பின்னர் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த நிறமாலை (ஒளியை நிறவாரியாகப் பிரித்த பதிவு), அது நிகழ்ந்த விண்மீன் மண்டலத்தை முன்பு நினைத்ததைவிட வெகுதொலைவுக்குத் தள்ளிவிட்டது. தொலைவு கூடினால் வெளிப்பட்ட ஆற்றலும் கூடும் என்பதால், அந்த விளக்கத்தை மறுபடி எடைபோட வேண்டியிருக்கிறது. வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியது இந்த இழுபறியைத்தான்.

2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான நியூட்ரான் விண்மீன் மோதலிலும் இதே கேள்வி தொங்கி நிற்கிறது. ஈர்ப்பலை (மோதலால் வெளியில் பரவும் அதிர்வு) வந்து 1.7 நொடியில் காமா கதிர் வந்தது. ஆனால் எந்த விண்மீன் மண்டலம் என்று கண்டுபிடிக்கவே 10 மணி நேரத்துக்கு மேல் ஆனது. முதல் எக்ஸ் கதிர் சிக்கியது ஒன்பதாம் நாள்தான். மேக்னட்டார் ஒன்று அரை மணி நேரம் ஒளிர்ந்து அடங்கியிருந்தால், அந்த இடத்தைக் கூர்ந்து பார்க்கும் எக்ஸ் கதிர்க் கருவி அப்போது எங்கே இருந்தது?

2024 ஜனவரியில் ஏவப்பட்ட ஐன்ஸ்டைன் புரோப் என்ற சீன எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கி இந்தக் குறையைத் தீர்க்கத் தொடங்கியிருக்கிறது. சிங்கி இறால் கண்ணின் அமைப்பில் செய்த அதன் ஆடிகள், வானத்தின் பெரும்பரப்பை ஒரே பார்வையில் கண்காணிக்கின்றன. இந்தக் குறுகிய எக்ஸ் கதிர் மின்னல்களைப் பற்றி, ஒளி ஏறி இறங்கும் வரைபடங்களோடு ஒரு தனிக் கட்டுரை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்