செயலாளர் ஆண்டறிக்கை: ஒட்டடையும் சந்தா பாக்கியும்

நம் செங்கோட்டைக் கூண்டுப் பறவை வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் 11 உறுப்பினர்களுக்கும், வராத 26 பேருக்கும் வணக்கம்.

குடியரசு தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் வழங்கினோம். கோடையில் கால்நடை மருத்துவர் ஒருவர் வந்து பறவைக் காய்ச்சல் பற்றிப் பேசினார். தீபாவளிக்கு முன் கூடவேண்டிய செயற்குழு, ஆள் சேராததால் கூடவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாட்டுக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம் என்பதை இந்த ஆண்டும் நினைவூட்டுகிறேன். காரணம் உரியவருக்குத் தெரியும்.

இனி சிலந்தி. உறுப்பினர் வீட்டுக் கூண்டுகளில் ஒட்டடை அடிக்க நான் கிளம்பியதும் ‘செயலாளருக்கு வேறு வேலை இல்லையா’ என்று கேட்டவர்களுக்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஆரியங்காவுக் கணவாய்க் காற்றில் சாரல் தொடங்கியதும் செங்கோட்டையில் நாம் எல்லோரும் கூண்டுக்குத் தார்ப்பாய் கட்டிவிடுகிறோம். உள்ளே ஈரம், இரவெல்லாம் பல்பு. வெளிச்சத்துக்கு ஈசலும் கொசுவும் வரும். சிந்திய தினையில் அந்துப்பூச்சி பிறக்கும். இவற்றைத் தின்னச் சிலந்தி வரும். ஒரே மாதத்தில் கம்பிவலை முழுக்க ஒட்டடை அடைந்து, உமியும் இறகுத்தூளும் படிந்து கந்தல் சாக்காகத் தொங்கும்.

உறுப்பினர் ஒருவர் (பெயர் வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார்) மாலையில் தார்ப்பாய்க்குள் பூச்சிமருந்து அடித்துவிட்டுத் தூங்கப் போனார். விடிந்து பார்த்தால் 12 பின்ச் குருவிகள் தரையில் செத்துக் கிடந்தன. சிலந்தி பானைக்குப் பின்னால் சுகமாக இருந்தது. நுரையீரலோடு காற்றுப் பைகளையும் வைத்து மூச்சு வாங்கும் பறவைக்கு, நமக்குத் தும்மல் வரவழைக்கும் அளவே எமன்.

அதன்பிறகு வந்ததுதான் என் திட்டம். பல்பைக் கூண்டுக்கு வெளியே பத்தடி தள்ளி மாட்டுவது. தினையை மூடியுள்ள தகர டப்பாவில் வைப்பது. சிந்தியதை அன்றன்றே பெருக்குவது. வலையைத் துடைத்தால் மட்டும் போதாது. மூலையில் பஞ்சு உருண்டை போல ஒட்டியிருக்கும் முட்டைப் பையை எடுக்காவிட்டால் நூற்றுக்கணக்கில் குஞ்சு கிளம்பும். சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, முட்டைப் பையை வட்டத்தட்டாக வயிற்றடியில் சுமக்கும் பெரிய சிலந்தியைத் தொட வேண்டாம். அது வலை பின்னாது, கரப்பான் பிடிக்கும்.

என் கூண்டின் வெளிமூலையில் கொஞ்சம் ஒட்டடையை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். மாசியில் ஒரு பெட்டைத் தேன்சிட்டு தினமும் வந்து, கம்பியைப் பற்றிக்கொண்டு, நூலை அலகில் சுற்றிச் சுற்றி இழுத்துப் போய் மருதாணியில் கூடு கட்டியது. உள்ளே லவ் பேர்ட்ஸ் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. ‘செயலாளர் வீட்டு ஒட்டடைக்கு மட்டும் விலக்கா?’ என்றார் பொருளாளர். ஆம், விலக்குத்தான்.

உறுப்பினர் வீடுகளில் மொத்தம் உள்ள 23 பெரிய கூண்டுகளில் 9இல் ஒட்டடை அடித்து முடிந்தது. ஞாயிறு காலை 6 மணிக்கு ஒட்டடைக் கோலும் கையுமாக ஒரு வீட்டு வாசலில் நின்றேன். ‘அவர் குற்றாலம் போய்விட்டார்’ என்றார்கள். உள்ளே அவர் இருமிக்கொண்டிருந்தார்.

வரவு செலவு ஏறக்குறைய நேராகவே இருக்கிறது. விவரம் பொருளாளரிடம் உண்டு. அவர் பேத்தி கல்யாணத்துக்குக் கொல்லம் போயிருக்கிறார். ஆண்டுச் சந்தா 200 ரூபாய். 37 பேரில் செலுத்தியவர் 15. வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றவர்கள் எந்த வெள்ளி என்று சொல்லவில்லை.

இடம் தந்த தலைவருக்கும், தேநீர் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பில் தொடர எனக்கு ஆசையில்லை. ஆனாலும் வைகாசிக்குள், சாரலுக்கு முன்பாக, மீதி 14 கூண்டுகளையும் யாராவது முடித்தாக வேண்டும். யார் என்று கூட்டமே சொல்லட்டும். பாக்கி வந்தால் இன்னும் இரண்டு கோல் வாங்கலாம். சங்கம் வாங்கிய இரண்டில் ஒன்று ஆடி மாதம் முதல் திரும்பவில்லை. எடுத்துப்போனவர் அதை என் வீட்டுத் திண்ணையில் சாத்திவிட்டுப் போனால் போதும். கதவைத் தட்ட வேண்டியதில்லை.