ஒரு பெட்டி பழைய ரப்பர்

அன்புள்ள மூர்த்தி,

எழுதி நாளாகிவிட்டது, திட்டாதே. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, பெரியவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். நம் நண்பன் டப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த செய்தி கேட்டுப் பதறிப்போய் போன் செய்தால், அவன் ஆஸ்பத்திரி கேன்டீன் இட்லியைப் பற்றியே கால் மணி நேரம் புலம்பினான். ஆக, ஆள் தேறிவிட்டான்.

இப்போது உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் வேறு. இங்கே அமெரிக்காவின் ரப்பர் நகரமான ஆக்ரனை ஒட்டிய ஒரு சிற்றூரில், துப்பாக்கி பழுதுபார்க்கும் வயதான மனிதர் ஒருவர் கடையை மூடுகிறார். என் பக்கத்து வீட்டுக்காரர் அவருடைய வாடிக்கையாளர். "நீ ரப்பர்காரன்தானே, உனக்குத்தான் இது" என்று ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கராஜில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே முழுக்க ரீகாயில் பேட்கள், வேட்டைத் துப்பாக்கிக் கட்டையின் பின்முனையில் திருகி வைக்கிற ரப்பர் துண்டுகள். அவற்றில் சிலவற்றுக்கு வயது நூறை நெருங்குகிறது. நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை, உனக்குத் தெரியும், தீபாவளிக்கு ரோல் கேப் வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்கிற ஜாதி. ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. கராஜ் முழுக்கப் பழைய ரப்பர் நாற்றம் என்று அம்மணி தினமும் அர்ச்சனை செய்கிறாள்.

நீ கேட்பாய், இதில் என்ன இருக்கிறது என்று. கணக்கைப் பார். 12 போர் துப்பாக்கி ஒரு தோட்டாவில் சுமார் 32 கிராம் ஈய ரவையை நொடிக்கு 360 மீட்டர் வேகத்துக்கு மேல் தள்ளுகிறது. மூன்றேகால் கிலோ துப்பாக்கி நொடிக்கு நாலைந்து மீட்டர் வேகத்தில் தோளில் வந்து இடிக்கிறது. காட்டில் இரண்டு முயல் சுடுகிறவனுக்கு அது பொருட்டே இல்லை. களிமண் தட்டைப் பறக்கவிட்டுச் சுடுகிற ட்ராப் போட்டியில் ஒரே நாளில் நூறு, இருநூறு தோட்டா போகும். அங்கேதான் வினை. தோள் வலி கூடப் பரவாயில்லை, உதை வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் விரல் அழுத்துவதற்கு முன்பே கண் மூடிக்கொள்கிறது, தட்டு தப்பிவிடுகிறது. ரப்பர் அந்த உந்தத்தைக் குறைப்பதில்லை, அது வந்துசேரும் நேரத்தை இழுத்து நீட்டுகிறது, அவ்வளவுதான். நம் முதல் வருஷ மெக்கானிக்ஸ். அதை வைத்து ஐம்பது வருஷத்துக்கு அமெரிக்காவில் ஒரு தொழிலே நடந்திருக்கிறது.

ஆனால் தொடக்கம் லண்டன். பெட்டியில் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறத்தில், திருகு ஓட்டைகளை வட்ட ரப்பர் அடைப்பான்களால் மூடிய கெட்டியான பேட் ஒன்று இருக்கிறது. சில்வர்ஸ் பேட். எஸ்.டபிள்யூ. சில்வர் கம்பெனி, காலனி நாடுகளுக்குக் கப்பலேறுகிறவர்களுக்கு உடுப்பும் தட்டுமுட்டும் விற்ற கடை. 1870களிலேயே உதை தாங்கும் பேட்டை விற்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் குடும்பம் 1852இல் தேம்ஸ் கரையில் வாட்டர்ப்ரூஃப் துணி ஆலை வைத்தது, அதைச் சுற்றி எழுந்த பேட்டைக்கே சில்வர்டவுன் என்று பெயராகிவிட்டது. 1864இல் அந்த ஆலை கடலடித் தந்திக் கம்பிகள் செய்யும் பெரிய கம்பெனியாக மாறியது. இப்போது நிமிர்ந்து உட்கார்: கார்பன் பிளாக் என்கிற கரித்தூளைப் போட்டால் ரப்பர் வலுப்பெறுகிறது என்று 1904இல் மோட் என்பவர் கண்டுபிடித்தது அதே சில்வர்டவுன் ஆலையில்தான்! உலகத்தில் ஓடுகிற ஒவ்வொரு கறுப்பு டயரும் அந்தத் தெருவுக்குக் கடன்பட்டிருக்கிறது. குரோம்பேட்டையில் நாம் படித்த நாலு வருஷத்தில் இதை யாராவது சொன்னார்களா? சொல்லியிருப்பார்கள், நாம்தான் வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பின் கதவால் டீக்கடைக்குப் போயிருப்போம்.

லண்டன் துப்பாக்கிக்காரர்கள் இந்த ரப்பரின் மேல் தோல் போர்த்துவதும் உண்டு. சும்மா அழகுக்கு இல்லை. வெறும் ரப்பர் கோட்டுத் துணியைப் பிடித்து இழுக்கும், துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கும்போது அக்குளில் சிக்கும். தோல் என்றால் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். எவ்வளவு நுணுக்கம் பார்!

அமெரிக்கர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை, விளம்பரம் உண்டு. சிகாகோவில் ஜோஸ்டம் என்று ஒரு கம்பெனி, தன் பேட்டுக்கு 'ஆன்ட்டி ஃப்ளின்ச்' என்றே பெயர் வைத்தது, கண்ணை மூட வைக்காத பேட் என்று. சவுத் டகோட்டாவில் சூ ஃபால்ஸ் என்ற ஊரில் குஷன் பேட் கார்ப்பரேஷன், அவர்கள் செய்தது ஹாகின்ஸ் பேட். சுற்றிலும் புல்வெளியும் பண்ணையுமாக இருக்கிற ஊரிலிருந்து நாடு முழுக்கத் தபாலில் ரப்பர் விற்றிருக்கிறார்கள். வின்செஸ்டர் தன் துப்பாக்கிகளுக்குத் தன் பெயர் பொறித்த கெட்டியான சிவப்பு பேட் போட்டது. வின்செஸ்டர் இருந்த நியூ ஹேவன்தான் சார்லஸ் குட்இயர் பிறந்த ஊர். ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைத்து உறுதியாக்கும் வல்கனைசேஷனைக் கண்டுபிடித்துவிட்டுக் கடனோடு 1860இல் செத்துப்போனாரே, அதே மனிதர். அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள் வந்தார்கள், மெர்ஷன், பாக்மையர். ரப்பருக்கும் அடித்தகட்டுக்கும் நடுவில் வெள்ளைக் கோடு ஓடுகிற 'வைட் லைன்' பேட். 1950களின் கார்களில் குரோமியம் மின்னியதே, அந்த ரசனை. எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வால்நட் கட்டைக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோடு, கண்ணை உறுத்துகிறது.

சரி, என்னைப் பிடித்து ஆட்டுவது இந்தப் பெயர்கள் இல்லை. ரப்பர் செத்துக்கொண்டிருக்கிற விதம். பெட்டியில் பாதி கல்லாகிவிட்டது. கடினத்தன்மையை அளக்கும் ஷோர் மீட்டரை வைத்தால் முள் 90ஐத் தாண்டுகிறது, ஓரத்தைத் தட்டினால் பழைய மண்டை வெல்லம் மாதிரி உதிர்கிறது. இன்னும் சில நேர் எதிர், தொட்டால் விரலில் ஒட்டுகிறது. அது துப்பாக்கி எண்ணெயின் வேலை. நிறுத்தி வைத்த துப்பாக்கியில் எண்ணெய் மேலிருந்து மரத்தின் வழியாக மெல்ல இறங்கி ரப்பரை ஊறவைத்துவிடும். விவரம் தெரிந்த கிழவர்கள் குழல் கீழே இருக்கும்படி வைப்பார்களாம். கல்லானவற்றின் கதை உனக்கே தெரியும். அந்தக் காலத்துச் சிவப்பு ரப்பருக்கு நிறம் கொடுத்தது பெரும்பாலும் ஆண்டிமனி சல்ஃபைடு, அதிலேயே தனிக் கந்தகம் வேறு இருக்கும். ரப்பரைச் சீக்கிரம் வேகவைக்கும் ஆக்சிலரேட்டர் ஆக்ரனில் 1906இல்தான் வந்தது, காற்றில் கெடாமல் காக்கும் ஆன்டிஆக்சிடன்ட் 1920களில்தான் பரவியது. அதுவரைக்கும் கந்தகத்தை அள்ளிப்போட்டு மணிக்கணக்கில் வேகவைப்பது. அச்சிலிருந்து எடுத்த பிறகும் மிச்சக் கந்தகம் சும்மா இருக்காது, காற்றும் வெளிச்சமும் சேர்ந்துகொள்ளும். நூறு வருஷம் கழித்து இப்படி வந்து நிற்கிறது.

இதே துப்பாக்கிகளில் பேட் போடாதவற்றுக்குப் பின்னால் எபோனைட் என்கிற கெட்டி ரப்பர் தகடு. பார்க்கர் துப்பாக்கியில் நாய்த்தலை பொறித்து, அவ்வளவு அழகாக இருக்கும். அதுவும் ரப்பர், அதுவும் கந்தகம், ஆனால் முப்பது சதவீதத்துக்கு மேல். சார்லஸின் தம்பி நெல்சன் குட்இயர் 1851இல் பேட்டன்ட் வாங்கினார். அது கொஞ்சம் பழுப்பேறுவதோடு சரி, நாயின் காது மடல்கூட அப்படியே இருக்கிறது. தோளுக்கு இதமாக இருக்கச் செய்த ரப்பர் பொடியாகிறது, எந்த இதமும் இல்லாதது நிலைக்கிறது. எனக்கு இது ஏனோ கோபமாக வருகிறது, சிரிக்காதே.

இன்னொரு கோபம், சேகரிப்பாளர்கள் மேல். பக்கத்து வீட்டுக்காரரிடம் அவருடைய தாத்தாவின் பார்க்கர் இருக்கிறது. கனெக்டிகட்டின் மெரிடனில் செய்தது, 1934இல் ரெமிங்டன் அந்தக் கம்பெனியை வாங்குவதற்கு முந்தியது. பார்க்கர் சங்கத்துக்கு எழுதிக் கேட்டால் பழைய ஆர்டர் புத்தகத்தைப் பார்த்துக் கடிதம் அனுப்புகிறார்கள். துப்பாக்கி எந்த அளவில், எந்த பேட்டோடு ஆலையை விட்டுப் போனது என்று அதில் இருக்கும். ஆலையே போட்ட சில்வர்ஸ் பேட் என்றால் மதிப்பு. பிறகு யாரோ கட்டையை ஓர் அங்குலம் அறுத்துப் போட்டது என்றால் விலை விழுந்தது, அறுத்த மரம் திரும்பி வராதே. இவருடையது ஆலை போட்டதுதான். ஆனால் கல்லாகிவிட்டது. இவருக்கு அதைத் தோளில் வைத்துச் சுட வேண்டும், பேரனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைத் தொடாதே, வெடிப்பு விட்டாலும் அசலை மாற்றாதே என்று ஆளுக்கு ஆள் உபதேசம். நியூ பிரிட்டனில் இருக்கும் கனெக்டிகட் ஷாட்கன் கம்பெனி பழைய மாதிரிகளையே நகலெடுத்து விற்கிறது, நல்ல வேலைப்பாடுதான். கழற்றிய அசலைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு நகலைப் போட்டுச் சுடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். உதை தாங்கச் செய்த பொருள் அது தாங்காமல் போன பிறகும் அங்கேயே இருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

மூர்த்தி, இன்னொன்று. 1870களின் பேட் என்றால் பிரேசில் காட்டு ரப்பர். விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876இல் அங்கிருந்து கொண்டுவந்த விதை லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் முளைத்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் போய், 1914 வாக்கில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை மிஞ்சிவிட்டது. அதற்குப் பிறகு சிகாகோவிலும் சூ ஃபால்ஸிலும் அச்சில் ஊற்றிய சிவப்புக்குப் பால் எங்கிருந்து வந்திருக்கும்? மலாயாவின் பேராக்கில் உன் தாத்தா விடியற்காலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போனதாக உங்கள் அப்பா ஹாஸ்டலுக்கு வந்தபோது சொன்னாரே, மழை பெய்தால் அன்றைக்குக் கூலி இல்லை என்று. அப்போது நான் அடுத்த பந்திக்கு அப்பளம் இருக்குமா என்ற கவலையில் இருந்தேன். இப்போது ஜோஸ்டம் பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தை நினைக்கிறேன். அப்பா இன்னும் அந்தக் கதைகளைச் சொல்கிறாரா? சொன்னால் போனில் பதிவு செய்து வை, தள்ளிப்போடாதே.

இப்போது காரியம். அம்பத்தூரில் உன் மில்லில் சனிக்கிழமை சாயங்காலம் சும்மா கிடக்கும்போது எனக்கு ஒரு காம்பவுண்டு, அதாவது ரப்பர் கலவை, ஓட்டித் தர வேண்டும். இயற்கை ரப்பர், செங்கல்லும் ஆரஞ்சும் கலந்த நிறம், ஹார்ட்னஸ் 35, 40க்குள். ஆண்டிமனி வேண்டாம், ரெட் ஆக்சைடு போதும். ஆன்டிஆக்சிடன்ட் கறை படாத ஃபீனாலிக் வகை போடு, டயருக்குப் போடுவதைப் போட்டால் நிறம் நாசம். சைனா கிளே கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும், ரொம்ப மென்மையாக இருந்தால் கட்டையின் வளைவுக்குத் தேய்க்கும்போது பெல்ட்டில் இழுவுகிறது. இருபத்தைந்து மில்லிமீட்டர் கனம், அதனால் கியூரிங்கை அவசரப்படுத்தாதே, நடுவில் வேகாமல் போகும். பழைய ஃபார்முலாவை உறுதிசெய்ய உடைந்த ஹாகின்ஸ் ஒன்றைச் சீவி லேபில் கொடுத்திருக்கிறேன். சில்வர்ஸை அறுக்க மட்டும் கை வரவில்லை, அறுக்கலாமா, நீயே சொல், நீ சொன்னால் அறுக்கிறேன்.

துண்டுகள் தயாரானதும் மச்சினனிடம் கொடுத்துவிடு, பொங்கல் முடிந்து வருகிறான். காசை வழக்கம்போல் வாங்க மாட்டாய், அதனால் கேட்கவில்லை. விமான நிலையத்தில் இது என்ன என்று கேட்டால் செருப்பு சோல் சாம்பிள் என்று சொல்லச் சொல், துப்பாக்கி என்ற பேச்சு அவன் வாயிலிருந்து வரவே கூடாது. அவனுடைய வாயைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
ரங்கன்